சுபா சொன்ன நம்பர்கள்

போன் இரண்டாவது முறை அடிப்பதற்குள் கோமதிநாயகம் எடுத்துவிட்டார். ஸ்டேஷன் மாஸ்டர் தேவசகாயம் சாருக்குத் தொண்டை கட்டியிருந்தது. "நாயகம், மதுரை பாசஞ்சர் வருது. கேட்ட சாத்திட்டு நம்பர் குடுங்க." சரி சார் என்று வைத்துவிட்டு வெளியே வந்தார். ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துக் கைப்பிடியைச் சுற்றத் தொடங்கினார். தடுப்பு இறங்க இறங்க, தினமும் ஒருவர் செய்வதுபோல இன்றைக்கும் ஒருவர் மொபெட்டில் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே புகுந்து, உலகத்தையே ஜெயித்த முகத்தோடு அந்தப் பக்கம் போனார். போய்யா போ, உன் அவசரம் உனக்கு. பூட்டைப் பூட்டி இழுத்துப் பார்த்துவிட்டு அறைக்குள் வந்து, மேசையில் ஒட்டியிருந்த அட்டையில் அடுத்து இருந்த எண்ணைப் படித்தார். "கேட் சாத்திப் பூட்டியாச்சு சார். நம்பர் நாப்பத்தேழு." நாப்பத்தேழு என்று அந்தப் பக்கமும் ஒருமுறை சொல்லிக்கொண்டது. இவர் அட்டையில் நாற்பத்தேழைக் கோடு போட்டு அடித்தார். ஒரு தடவை சொன்ன நம்பரை மறு தடவை சொல்லக்கூடாது. வரிசையாகவும் வராது. நாற்பத்தேழுக்கு அடுத்து பன்னிரண்டு இருக்கும், அதற்கடுத்து எண்பத்தாறு. மூன்று கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் மாஸ்டருக்குக் கேட் கண்ணுக்குத் தெரியாது. அவர் நம்புவது இந்த நம்பரை மட்டும்தான். நம்பர் வந்தால் கேட் மூடியிருக்கிறது, வண்டியை விடலாம். நம்பர் பொய் சொல்லாது என்றுதான் கோமதிநாயகமும் இருபத்திரண்டு வருஷமாக நினைத்திருந்தார். போன மாதம் வரைக்கும்.

பச்சைக் கொடியை வலது கையிலும் சுருட்டிய சிவப்புக் கொடியை இடது கையிலும் எடுத்துக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்து நின்றார். மணி பத்து இருபது. இந்த வண்டியில் மகள் சுபா இருக்கிறாளா? இருந்தால் அவள் சங்கரன்கோவிலில் ஏறி இந்நேரம் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டில் போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். இரண்டில் ஒன்று. காலை ஐந்தரைக்கு இவர் டியூட்டிக்குக் கிளம்பும்போது அவள் படுத்துத்தான் இருந்தாள். தூங்கவில்லை என்பது தெரிந்தது. தூங்கும் பிள்ளை மூச்சு விடுவது பெற்றவனுக்குத் தெரியாதா. அடுப்படியில் மனைவி செண்பகம் கண்ணாலேயே கேட்டாள், ஏதாவது சொல்லிவிட்டுப் போங்களேன் என்று. வாசல்படியில் செருப்பை மாட்டுகிற சாக்கில் கொஞ்ச நேரம் நின்றார். போ என்று சொன்னால் தள்ளிவிட்ட மாதிரி. போகாதே என்று சொன்னால் உன்னால் முடியாது என்று சொன்ன மாதிரி. இரண்டையும் சொல்லப் போவதில்லை என்று முந்தாநாளே முடிவு கட்டியாகிவிட்டது. முடிவு கட்டுவது சுலபம், செருப்பை மாட்டிக்கொண்டு நடப்பதுதான் பாடு. இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் பல்கலைக்கழகத்தில் போய்க் கையெழுத்து போட்டால் இரண்டாம் பருவம் உண்டு. போடாவிட்டால் இந்த வருஷம் போச்சு. அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், தெருவில் பால் ஊற்றுகிறவருக்குக்கூடத் தெரியும். தெரிந்த ஒன்றைத் திருப்பித் திருப்பிச் சொல்வதில் என்ன இருக்கிறது. செல்போன் மேசை டிராயரில் அணைந்து கிடக்கிறது, டியூட்டியில் அதைத் தொடக்கூடாது. நல்லதாகப் போயிற்று. கையில் இருந்தால் இந்நேரம் பத்து தடவை அடித்திருப்பார்.

போன் மறுபடி அடித்தது. "நாயகம், சிக்னல் விழல. பாசஞ்சர் இங்க ஸ்டேஷன்லயே நிக்குது. அஞ்சு பத்து நிமிஷம் ஆகும், கேட்டத் திறக்காதீங்க." சரி சார். அவர் ஒரு சரி சார் சொன்னால் ஆயிற்று, ரோட்டில் நிற்கிறவர்களுக்கு யார் சொல்வது. அதற்குள் இரண்டு பக்கமும் சேர்ந்துவிட்டது. முன்னால் ஒரு செங்கல் லாரி மலை மாதிரி நின்று பின்னால் இருப்பதையெல்லாம் மறைத்தது. "அண்ணாச்சி, வண்டிய இன்னும் காணுமே, ஒரு ஓரமாத் திறந்து விடக்கூடாதா?" என்று ஒருவர் கேட்டார். நாயகம் தலையை மட்டும் ஆட்டினார். எவ்வளவு நேரமாகும் என்று தெரியாமல் நிற்பது மனுஷனுக்குப் பிடிக்காத காரியம். பத்து நிமிஷம் என்று தெரிந்தால் நின்றுவிடுவான். தெரியாவிட்டால் இரண்டு நிமிஷத்தில் ஹாரனை அமுக்குவான். நானும் அந்த ஜாதிதானே, என்று நினைத்துக்கொண்டார். பிள்ளை வாயைத் திறக்கும்வரை நிற்க முடியாமல் நாலு மாதமாக ஹாரன் அடித்துக்கொண்டேதானே இருந்தேன். சாப்பிட்டியா, படிச்சியா, கிளாஸுக்குப் போனியா, பரீட்சை எப்போ. பாம், பாம். அதையும் வாய்விட்டுக் கேட்டிருந்தாலாவது பரவாயில்லை. இவருடைய ஹாரன் நம்பராகப் போனதுதான் கோளாறு.

அது எப்படி வந்தது என்றால், சுபாவுக்கு ஆறு வயசிருக்கும்போது மத்தியானச் சோற்றுத் தூக்கைத் தூக்கிக்கொண்டு இந்தக் கேட்டுக்கு வருவாள். போன் பேசுவதைப் பார்த்து எனக்கும் எனக்கும் என்று குதிப்பாள். சரி, உனக்கும் உண்டு. "சுபாலட்சுமி ஸ்டேஷன், பல் தேச்சாச்சா?" "தேச்சாச்சு சார், நம்பர் முப்பத்திரண்டு." "வீட்டுப்பாடம்?" "முடிச்சாச்சு சார், நம்பர் எழுபது." செண்பகம் சிரிப்பாள், அப்பனும் மகளும் ரயில்வேயில் வேலை பார்க்கிறீர்களாக்கும் என்று. பன்னிரண்டாம் வகுப்புவரை அது இருந்தது. வெளியூருக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனாலும் சாயங்காலம் யார் போனிலாவது, "யப்பா, நம்பர் பத்தொம்பது" என்று ஒரு வரி. வேறு பேச்சு கிடையாது. எல்லாம் சரி என்பதற்கு அது போதும். பெருமைதான். ஊரில் எந்த அப்பனுக்கு இப்படி ஒரு ஏற்பாடு உண்டு? அவள் மதுரையில் பல்கலைக்கழகத்தில் ஐந்து வருஷ எம்.எஸ்ஸி. இயற்பியலில் சேர்ந்த அன்றைக்கு, விடுதி வாசலில் பக்கெட்டையும் பாயையும் வைத்துவிட்டு, மற்ற அப்பாக்கள் ஆளுக்கொரு புத்திமதி சொல்லிக்கொண்டிருக்க, இவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "தெனம் ஏழு மணிக்கு நம்பர் குடு, போதும்." அவள் சிரித்தாள். கண்ணில் தண்ணி இருந்ததா? இருந்தது. அன்றைக்கு வெயில் என்று நினைத்துக்கொண்டார். வெயிலாவது மண்ணாவது.

தினம் ஏழு மணிக்கு நம்பர் வந்தது. ஒரு நாள் தவறவில்லை. அவர் ஒரு பழைய டைரியில் தேதிக்கு நேராக எழுதிவைத்தார். கேட் புத்தகத்தில் எழுதுகிற கை, எழுதாமல் இருக்குமா. முதலில் எழுபத்திமூன்று, பதினெட்டு, நாற்பது என்று தாறுமாறாக வந்தது. அப்புறம் ஒரு நாள் அறுபத்தொன்று. மறுநாள் அறுபது. அதற்கு மறுநாள் ஐம்பத்தொன்பது. எழுதினார். ஐம்பத்தெட்டு, எழுதினார். ஐம்பத்தேழு, அதையும் எழுதினார். ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வருகிறதே, நம்பர் இப்படி வராதே என்று, இருபத்திரண்டு வருஷம் இதையே தொழிலாகச் செய்கிறவனுக்கு, அட்டையில் இரண்டு நம்பர் வரிசையாக வந்தாலே மாஸ்டரைக் கூப்பிட்டுக் கேட்கிறவனுக்கு, உறைக்கவில்லை. கடைசியில் ஒன்பது, எட்டு, ஏழு என்று வந்தபோதுகூட, "ஏட்டி, நம்பர்னா ரெண்டு இலக்கம்லா இருக்கணும்" என்று கேலி செய்தாரே தவிர வேறொன்றும் தோன்றவில்லை. கடைசி நாள் நம்பர் ஒன்று. மறுநாள் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்துவிட்டாள், பாதி உடம்பாக. அவள் ஊருக்கு வர இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். அறுபத்தொரு நாள் எண்ணியிருக்கிறாள். அதை அவரிடமே தினமும் சொல்லியும் இருக்கிறாள், அவர் தன் கையாலேயே எழுதியும் வைத்திருக்கிறார். கொடிக் கம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஹாரன். லாரிக்குப் பின்னால் எங்கோ ஒரு பஸ், குழந்தை வீறிட்ட மாதிரி நீட்டி அடித்தது. அடி, அடி. நீ அடித்தால் வண்டி வந்துவிடுமா. ரிசல்ட் வந்த அன்றைக்கு இவரும் அப்படித்தான் வீறிட்டார். ஆறு பேப்பரில் நாலில் போச்சு. வகுப்புக்கே பாதி நாள் போகவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. வகுப்பில் எழுந்து நின்று ஆங்கிலத்தில் ஏதோ விளக்கிச் சொல்ல வேண்டுமாம். எழுந்து நின்றவளுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. யாரும் சிரிக்கவில்லையாம், டீச்சர்கூட பரவாயில்லை உட்காரு என்றாராம். அதுதான் இன்னும் தாங்க முடியவில்லையாம். பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சுக்காரி. உட்கார்ந்தவள் மறுநாள் எழுந்திருக்கவில்லை. அதற்கு மறுநாளும். விடுதி அறையில் விளக்கைப் போடாமல் படுத்துக்கிடந்துவிட்டு, ஏழு மணிக்கு எழுந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டு அப்பாவுக்கு நம்பர் கொடுத்திருக்கிறாள். இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு அவருக்கு ஒன்றுதான் தெரிந்தது. "நம்பர் குடுத்தியே! தெனம் நம்பர் குடுத்தியே! கேட்டத் திறந்து போட்டுட்டு நம்பர் குடுக்கதும் இதுவும் ஒண்ணுதான், தெரியுமா?" என்று நடுவீட்டில் நின்று கத்தினார். சுபா தலையைத் தூக்கிப் பார்த்தாள். கத்தவில்லை, அழவில்லை. "நீங்க நம்பர் மட்டும்தாம்ப்பா கேட்டீங்க" என்றாள்.

நீங்க நம்பர் மட்டும்தாம்ப்பா கேட்டீங்க. அப்புறம் எத்தனையோ பேச்சு பேசியாயிற்று. எல்லாம் சுற்றிச் சுற்றி இங்கேயே வந்து மாட்டிக்கொள்கிறது. கம்பியில் வேட்டி மாட்டியது போலத்தான், முன்னாலும் இழுக்க முடியாது, பின்னாலும் இழுக்க முடியாது. நம்பர் மட்டும்தான் கேட்டோம். ஏன்? வேறு கேட்டால் பதில் என்ன வருமோ என்று பயம். அவருக்கு இயற்பியல் தெரியாது, ஆங்கிலம் தெரியாது, அவள் உட்கார்கிற வகுப்பு எப்படி இருக்கும் என்று தெரியாது. முடியலப்பா என்று அவள் சொல்லியிருந்தால் இவருக்கு என்ன பதில் தெரியும்? நம்பர் என்றால் எழுதிக்கொண்டு சோறு தின்னப் போகலாம். இதை ஒப்புக்கொள்ள அவருக்கு ஒரு வாரம் ஆயிற்று. ஒப்புக்கொண்ட பிறகு மனுஷன் சும்மா இருக்கவில்லை. நாலு பேரிடம் விசாரித்தார். பல்கலைக்கழகத்திலேயே மனசு சரியில்லாத பிள்ளைகளிடம் பேச ஒரு அம்மா இருக்கிறாராம். தோற்ற பேப்பரைத் திரும்ப எழுதலாமாம், அதற்கு மூத்த பிள்ளைகளே உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார்களாம். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, நீட்டாமல், அவள் மேசையில் வைத்துவிட்டு வந்தார். அவளுடைய வகுப்பு ஆசிரியர் நம்பர் இவருடைய செல்லில் இருக்கிறது. இருபது நாளில் எத்தனை தடவை விரல் அதன் மேல் போய் நின்றிருக்கும். "நான் சொல்லாம அங்க யார்ட்டயும் பேசக்கூடாதுப்பா" என்று அவள் கேட்டுக்கொண்டாள். பேசவில்லை. அவருக்குப் பேசாமல் இருப்பது என்பது தலைகீழாக நிற்பது மாதிரி. நின்றார். நிற்பார். அவள் வாழ்க்கையில் இவர் நுழைந்து கைப்பிடியைச் சுற்றப் போவதில்லை. எழுதி வைத்த சட்டம் மாதிரி அதை மனசுக்குள் வைத்திருந்தார்.

நேற்றுச் சாயங்காலம் கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தவள் திரும்பாமலே கேட்டாள். "யப்பா, நான் போகலன்னா என்ன செய்வீங்க?" செண்பகத்தின் கையில் இருந்த வாளி அப்படியே நின்றது. நாயகத்துக்கு வாய்வரை வந்தது, நம் வம்சத்திலேயே நீதான் முதலில், உன்னை நம்பி, ஊர் என்ன சொல்லும். எல்லாம் வந்தது, எல்லாவற்றையும் எச்சிலோடு விழுங்கினார். "போகலன்னா காலைல எந்திச்சு காப்பி குடிப்போம். பெறகு என்ன செய்யன்னு மூணு பேரும் உக்காந்து யோசிப்போம்." "போனா?" "போனா, புதன்கெழம எனக்கு ரெஸ்ட்டு. மாத்தாம புதனே குடுங்கன்னு எழுதி வாங்கிட்டேன். வாராவாரம் நான் அங்க வருவேன். உள்ள வரமாட்டேன், யார்ட்டயும் பேசமாட்டேன். கேட்டுக்கு எதுத்தாப்ல டீக்கடை இருக்குல்லா, அதுல மூணு மணிலேருந்து அஞ்சு மணிவரைக்கும் உக்காந்திருப்பேன். ஒனக்கு வரணும்னு தோணுச்சுன்னா வா. வரலன்னா நான் டீயக் குடிச்சிட்டு வண்டி ஏறிருவேன்." "தெனம் ஏழு மணிக்கு?" "நீ கூப்புட்டா எடுப்பேன்." அவள் கடைசித் துணியை எடுத்து மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள். உள்ளே போனாள். மடித்த துணி கொடியிலேயே இருந்தது. அதற்கு என்ன அர்த்தம்? பைக்குள் வைக்கவில்லை என்றால் போகவில்லை என்றா? துணிக்கெல்லாம் அர்த்தம் பார்க்கிற அளவுக்கு ஆகிவிட்டதே நம் பிழைப்பு என்று அவருக்கே சிரிப்பு வந்தது.

தண்டவாளம் லேசாக முனகியது. வளைவில் என்ஜின் முகம் தெரிந்தது. ரோட்டில் சத்தம் அடங்கியது, வண்டியைக் கண்டால் எல்லோருக்கும் பொறுமை வந்துவிடும். கோமதிநாயகம் காலைப் பதித்து நின்று பச்சையை நீட்டினார். இப்போது அவர் கேட்மேன், வேறு யாருமில்லை. ஓடுகிற வண்டியில் அவர் பார்க்க வேண்டியது சக்கரம். அச்சு சூடாகிப் புகைகிறதா, அடியில் ஏதாவது தொங்குகிறதா, தீப்பொறி வருகிறதா. ஜன்னலைப் பார்க்கிற கண் சக்கரத்தைத் தவறவிடும். செண்பகம் பிரசவத்துக்குப் போனபோதும், சுபா பள்ளிக்கூடச் சுற்றுலா போனபோதும் இந்தக் கேட்டைத் தாண்டித்தான் போனார்கள். ஒரு தடவைகூட அவர் அவர்கள் முகத்தைப் பார்த்ததில்லை. நான் கையை ஆட்டினேன், நீங்கள் பார்க்கவே இல்லை என்று சுபா சண்டை பிடிப்பாள். என்ஜின் தடதடவென்று கடந்தது, டிரைவர் கையைத் தூக்கினார். முதல் பெட்டி. சக்கரம், சக்கரம், சக்கரம். இரண்டாவது. வாசலில் யாரோ நிற்கிறார்கள், நீலமாக ஏதோ பறக்கிறது. கண்ணைத் தூக்கினால் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி. தூக்கவில்லை. உள்ளே ஆயிரத்து இருநூறு பேர் இருக்கிறார்கள், அத்தனை பேரும் யாராவது ஒருவருக்குச் சுபாதான். ஐந்து, ஆறு, ஏழு. இருக்கிறாளா, இல்லையா. இருந்தாலும் நான் இப்படித்தான் நிற்பேன், இல்லாவிட்டாலும் இப்படித்தான் நிற்பேன். அது நினைப்பா, வேண்டுதலா என்று தெரியவில்லை, சக்கரச் சத்தத்தோடு சேர்ந்துகொண்டு ஓடியது. கடைசிப் பெட்டியில் கார்டு பச்சைக் கொடி காட்டினார். இவரும் காட்டினார். புழுதி எழும்பி அடங்கியது. போயிற்று. இருந்தாளோ இல்லையோ, இனி இரண்டு மணிக்கு டியூட்டி முடிந்து டிராயரைத் திறந்தால்தான் தெரியும்.

போனில் வண்டி கடந்ததைச் சொல்லிவிட்டு வந்து பூட்டைத் திறந்து கைப்பிடியைச் சுற்றினார். தடுப்பு பாதி ஏறுவதற்குள் இரண்டு பக்கமும் மோதிக்கொண்டு வந்தார்கள். ஒருவரும் ஒருவருக்கும் வழிவிடவில்லை. செங்கல் லாரி முக்கி முனகித் தண்டவாளத்தின் மேல் ஏறி இறங்கியது. அதன் பின்னால் அந்த வீறிட்ட பஸ். மதுரை என்று நெற்றியில் எழுதியிருந்தது. மேட்டில் அது ஊர்ந்து ஏற, மூன்றாவது ஜன்னலில் இருந்து ஒரு கை கம்பியைத் தட்டியது.

"யப்பா!"

கைப்பிடியை விட்டுவிட்டு நின்றார். சுபாதான். தலை வாரியிருந்தாள். மடியில் பை, பையின் மேல் நேற்று மடித்த அதே துணி.

"ட்ரெய்ன்ல போனா நீங்க சக்கரத்தத்தான பாப்பீங்க. அதான் பஸ்ஸுல வந்தேன். காமணி நேரமா இங்கதான் நிக்கோம்."

காமணி நேரம். முதுகுக்குப் பின்னால், லாரிக்கு அந்தப் பக்கம், அவர் பூட்டிய கேட்டுக்கு வெளியே. கோமதிநாயகத்துக்குக் கண் மறைத்தது. புழுதி இல்லை, வெயிலும் இல்லை, அவர் எதன் மேலும் பழி போடவில்லை. பஸ்ஸோடு சேர்ந்து நாலு எட்டு நடந்தார்.

"பயமா இருக்குப்பா" என்றாள் சுபா. நாலு மாதத்தில் முதல் தடவையாகச் சொன்னாள், பஸ்ஸில் இருக்கிறவர்கள் எல்லாம் கேட்க, சத்தமாகச் சொன்னாள்.

பயப்படாதே என்ற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பழகிய வார்த்தை, செலவில்லாத வார்த்தை. அதை அப்படியே நிறுத்தினார்.

"எனக்கும்தாம்மா" என்றார்.

அவள் பார்த்தாள். பஸ் மேட்டைத் தாண்டி வேகம் பிடித்தது. "புதன்கெழம!" என்று இவர் கத்த, ஜன்னலில் இருந்து நீண்ட கை, சரி என்றோ வாங்க என்றோ, ஒரு தடவை ஆடியது. பின்னால் நின்ற மோட்டார் சைக்கிள்காரர், "அண்ணாச்சி, நடுரோட்டுல நிக்கிய, வழிய விடுங்க" என்றார். அறையில் போன் அடித்தது. அடுத்த வண்டி. ஓடிப்போய் எடுத்து, திரும்ப வந்து சாத்தி, பூட்டி, இழுத்துப் பார்த்து, "நம்பர் பன்னெண்டு சார்" என்றார். அதற்கப்புறம் ஒரு சரக்கு வண்டி, அதற்கப்புறம் ஒரு டிராலி. ஒரு மணிக்குச் சோற்றுத் தூக்கைத் திறந்து முதல் வாய் எடுத்து வைத்தபோதுதான், அவளிடம் நம்பர் கேட்கவில்லை என்பது கோமதிநாயகத்துக்கு நினைவு வந்தது. கேட்கக்கூடாது என்று முடிவு செய்திருந்தது அதற்கும் பிறகுதான் நினைவு வந்தது.